செறிவைக் கூட்டுவதால் நிறம் சிறக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியிலும் கணினியிலும் புகைப்படங்களைத் திருத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாகக் கேமராவைக் கையில் எடுப்பவர்களுக்குப் பயன்படும் செய்திகள் பல அதில் இருந்தன. ஆனால் மங்கலான படத்துக்கு நிறம் ஏற்ற சாச்சுரேஷன் (நிறச் செறிவு) அளவைக் கூட்டினாலே போதும் என்றும், கர்வ்ஸ் (வளைகோடு) என்னும் கருவி தொழில்முறையாளர்களுக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் அதன் பக்கம் போக வேண்டியதில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. திருமண ஆல்பங்களுக்கு வண்ணத் திருத்தம் செய்வதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். அந்த அறிவுரையைப் பின்பற்றுகிறவர்களின் படங்கள், குறிப்பாக நம் மக்களின் முகங்கள், எப்படிக் கெடுகின்றன என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கர்வ்ஸ் பலகத்தைத் திறந்தால் ஒரு சதுரக் கட்டமும், அதன் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குப் போகும் ஒரு சாய்கோடும் தெரியும். கிடைமட்ட அச்சு படத்தில் இப்போது இருக்கும் ஒளி அளவைக் காட்டுகிறது. செங்குத்து அச்சு, திருத்திய பின் வரப்போகும் அளவைக் காட்டுகிறது. முழுக் கருமை 0, முழு வெண்மை 255. கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து மேலே தூக்கினால் நடுத்தர ஒளி அளவுகள் வெளுக்கும், கீழே இறக்கினால் கறுக்கும். கோடு எந்தப் பகுதியில் நிமிர்கிறதோ அங்கே அடுத்தடுத்த ஒளி அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு விரியும். எந்தப் பகுதியில் படுக்கிறதோ அங்கே அது சுருங்கும். மற்றவை எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதாம். மொத்தம் இருப்பது 256 படிகள் என்பதால் ஓரிடத்துக்குக் கூட்டிக் கொடுத்ததை இன்னோரிடத்தில் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே இந்தப் படத்தில் எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் முடிவு செய்யாமல் அந்தக் கோட்டில் யாரும் கை வைக்க முடியாது. இப்படி ஒரு முடிவைத் திருத்துகிறவரிடம் கேட்கிற கருவி என்பதே அதன்மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம்.

இந்த வளைகோடு கணினியோடு பிறந்ததும் அன்று. இங்கிலாந்தில் வேதியியல் தொழிலில் இருந்த ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர், படத்தகட்டில் விழும் ஒளியின் அளவுக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள உறவை அளந்து 1890ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் வரைந்த கோடு, அடியில் மெல்லத் தொடங்கி, நடுவில் நிமிர்ந்து ஏறி, உச்சியில் மீண்டும் படுத்துவிடும் எஸ் வடிவம் கொண்டது. பின்னாளில் வந்த வண்ணப் பிலிமில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளுக்குத் தனித்தனி அடுக்குகள் இருந்தன. ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. 1990இல் வந்த ஃபோட்டோஷாப் முதலான மென்பொருள்கள் நமக்குத் தந்திருப்பது, பிலிம் தயாரிப்பாளரின் கையில் மட்டுமே இருந்த அந்தக் கோடுகளை நாமே வளைக்கும் உரிமையை. அந்தக் காலப் படங்களின் நிறத்தில் இருந்த அழுத்தத்தை இன்றும் வியந்து பேசுகிறவர்கள், அதில் அந்த எஸ் வளைவுக்குப் பெரும் பங்கு இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

சாச்சுரேஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது படத்தில் உள்ள எல்லா நிறங்களையும், ஒளி அளவு என்ன என்று பாராமல், சாம்பல் நிறத்திலிருந்து ஒரே விகிதத்தில் விலக்கித் தள்ளுகிறது. ஏற்கெனவே நிறம் நிறைந்திருக்கும் இடத்தில் அது எல்லையைத் தாண்டி விவரத்தை அழிக்கிறது. சுவரில் தற்செயலாகப் படிந்திருந்த மஞ்சள் சாயலையும், நிழலில் இருந்த நீலத்தையும் சேர்த்தே உரக்கப் பேச வைக்கிறது. கர்வ்ஸ் வேலை செய்யும் விதம் வேறு. கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவுகளால் ஆனது. ஒரு நிறப்புள்ளியில் சிவப்பு 180, பச்சை 120, நீலம் 90 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சற்றே நிமிர்ந்த எஸ் வளைவைப் போட்டால் சிவப்பு 195 ஆக ஏறும், பச்சை 117 ஆக இறங்கும், நீலம் 78 ஆக இறங்கும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில் 90 ஆக இருந்த இடைவெளி 117 ஆகிவிட்டது. சாச்சுரேஷனைத் தொடாமலேயே நிறம் கூடியிருக்கிறது; அதோடு வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் கூடியிருக்கிறது. கண் அந்த நிறத்தை நம்புவதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்து நிகழ்வதுதான்.

நிறத்தைச் சிறக்கச் செய்வதில் முதல் வேலை நிறம் ஏற்றுவது அன்று, தேவையற்ற சாயலை நீக்குவது. இங்கேதான் தனித்தனிச் சானல்களின், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின், வளைகோடுகளுக்கு ஈடான கருவி வேறில்லை. சாயல் இல்லாத வெள்ளையிலும் கருமையிலும் மூன்று எண்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் எடுத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். மணமகனின் பட்டு வேட்டியில் வெளிச்சம் விழும் மடிப்பை அளந்தால் சிவப்பு 240, பச்சை 230, நீலம் 205 என்று வருகிறது. அதாவது வெளிச்சப் பகுதி மஞ்சளடிக்கிறது. அதே படத்தில் பின்வரிசையில் நிற்பவரின் கருங்கூந்தலை அளந்தால் சிவப்பு 22, பச்சை 26, நீலம் 38; நிழல் நீலமடிக்கிறது. மேடை விளக்கு ஒரு நிறமாகவும் சன்னல் வெளிச்சம் இன்னொரு நிறமாகவும் இருக்கும் எந்த மண்டபத்திலும் இது நடக்கும். படம் முழுவதையும் நீலத்துக்கோ மஞ்சளுக்கோ சாய்க்கும் வெப்பநிலைப் பட்டியை நீலப் பக்கம் நகர்த்தினால் வேட்டி வெளுக்கும், கூந்தல் மேலும் நீலமாகும். மஞ்சள் பக்கம் நகர்த்தினால் கூந்தல் சரியாகும், வேட்டி பழுத்துவிடும். நீலச் சானலின் வளைகோட்டில் இரண்டு புள்ளிகள் போதும்: மேலே 205ஐ 230க்கு ஏற்ற வேண்டும், கீழே 38ஐ 26க்கு இறக்க வேண்டும். சிவப்பில் சிறிய தொடுதல் ஒன்று தேவைப்படலாம். அவ்வளவு செய்த மாத்திரத்தில் மஞ்சள் கயிறு, சந்தனம், வாழையிலை ஆகிய ஒவ்வொன்றும் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும், அவற்றில் எதையும் நாம் தனியே தொடாமலே.

எதை வெள்ளை என்று கொண்டு அளப்பது என்பதில் கவனம் வேண்டும். பருத்தி வேட்டிக்கு நீலம் போட்டு அலசும் வழக்கம் நம்மிடம் உண்டு. சலவைத்தூளிலும் வெண்மைக்கான ஒளிர்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அதனால் பகல் வெளிச்சத்தில் வேட்டி உண்மையாகவே நீலம் காட்டும். அதை அப்படியே நடுநிலை என்று எடுத்துக்கொண்டு திருத்தினால் படம் முழுவதும் மஞ்சளுக்குச் சாய்ந்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் சுற்றியிருப்பதன் நிறத்தை வாங்கிக் காட்டுவதால் அதுவும் உதவாது. நெற்றியில் திட்டாகப் பூசிய திருநீறு, நரைத்த முடி, அரிசி மாக்கோலம் ஆகியவற்றை நான் அதிகம் நம்புகிறேன். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே கோட்டைத் தொட வேண்டும்.

அடுத்து அரக்குப் பட்டு. அதிகமாகக் கெடுக்கப்படுவது இதுதான். மேடை வெளிச்சத்தில் அரக்கு அல்லது குங்கும நிறப் புடவையின் சிவப்புச் சானல் பெரும்பாலும் 250ஐ ஒட்டி நின்றுவிடும். அதில் மடிப்பும் இல்லை, நெசவும் இல்லை. புடவையின் விவரம் முழுவதும் பச்சை, நீலச் சானல்களில், ஏறக்குறைய 20க்கும் 60க்கும் இடைப்பட்ட அந்த இருண்ட பகுதியில்தான் தங்கியிருக்கிறது. சாச்சுரேஷனைக் கூட்டும்போது சிவப்பு 255இல் முட்டுகிறது, மற்ற இரண்டும் பூச்சியத்தை நோக்கிச் சரிகின்றன. மிஞ்சுவது சிவப்பு வண்ணம் பூசிய தகடு ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பட்டின் நெசவு அதில் இல்லை. அதற்கு மாறாகப் பச்சைச் சானலின் வளைகோட்டில் 20ஐ அப்படியே நிறுத்திவிட்டு 60ஐ 75க்கு ஏற்றினால், அந்தச் சிறிய பகுதி நிமிர்ந்து, கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் தனித்துத் தெரியும். சரிகையின் ஓரம் துணியிலிருந்து பிரிந்து மின்னும். கறுத்த முகத்தின் பச்சை அளவுகளும் இதே பகுதியை ஒட்டியே விழும் என்பதால், இத்திருத்தத்தைப் படத்தின் மேல் வைக்கும் தனி லேயரில் (அடுக்கில்) செய்து, வேண்டாத இடங்களை மறைக்கும் மாஸ்க் கொண்டு புடவையோடு நிறுத்திவிட வேண்டும்.

முகத்தைப் பற்றி எழுதுவதற்காகவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்று சொல்லலாம். இணையத்திலும் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித் தரப்படும் எஸ் வளைவு எல்லாம் ஒரே அச்சு: கால் பங்கில் ஒரு புள்ளியை இறக்கு, முக்கால் பங்கில் ஒரு புள்ளியை ஏற்று. முகம் முக்கால் பங்குப் பகுதியில் விழுகிற வெளுத்த தோலுக்கு இது பொருந்தும். மாநிறமும் கறுப்புமான நம் முகங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்குக் கீழே விழுகின்றன. வெயிலில் உழைத்த ஒருவரின் கன்னத்தில் சிவப்பு 110, பச்சை 72, நீலம் 54 என்று வைத்துக்கொண்டால், அந்த எஸ் வளைவு இவற்றை ஏறக்குறைய 106, 60, 43 என்று இறக்கிவிடும். முகம் இருண்டுவிட்டதே என்று பதறுகிற திருத்துநர் அடுத்து முழுக் கோட்டையும் மேலே தூக்குகிறார். 165, 130, 115 என்று வருகிறது. முன்பு சிவப்பு நீலத்தைப் போல இரு மடங்கு இருந்தது, இப்போது ஒன்றரை மடங்குகூட இல்லை. முகம் வெளுத்ததும் அதன் நிறம் போனதும் ஒரே செயலின் விளைவு. சாம்பல் பூத்தது போன்ற அந்த முகத்தைச் சரிசெய்ய மறுபடியும் சாச்சுரேஷனைக் கூட்டுகிறார்கள். உதடு மட்டும் சிவந்து, கன்னம் ஆரஞ்சுக்குப் போய், மணமக்கள் இருவரும் அடையாளம் தெரியாமல் ஆகிவிடுகிறார்கள்.

வளைவின் நிமிர்ந்த பகுதியை முகம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால் இதில் எதுவும் நேராது. 40ஐ அதே இடத்தில் நிறுத்தி, 110ஐ 128க்கு ஏற்றிப் பாருங்கள். கன்னத்தின் அளவுகள் 128, 80, 58 என்றாகும். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. நிறம் குறையவில்லை, சற்றே கூடியிருக்கிறது. நெற்றியின் பளபளப்பும், தாடை ஓரத்து நிழலும், மூக்குத்தியின் அடியில் விழும் சிறு கருமையும் தனித்தனியே தெரியும். இதற்கு விலையாக மேல்பகுதியில் கோடு கொஞ்சம் படுக்கும். வெள்ளை வேட்டியின் மடிப்புகளில் சிறிது தெளிவு குறையும். ஒரு மனிதரின் முகத்துக்காக வேட்டியில் அவ்வளவை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கறுத்த தோலைக் கணக்கில் கொள்ளாமல் அளவுகோல் வகுப்பது நெடுநாள் பழக்கம். கோடாக் நிறுவனம் தன் பிலிமைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்ப்பதற்காக அனுப்பிய ஷர்லி கார்டு என்னும் மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணே இருந்தார். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதே விதி. மற்ற இனத்தவரையும் சேர்த்த அட்டைகள் 1990களில்தான் பரவலாக வந்தன. கணினியில் வளைகோடு நம் கைக்கு வந்த பிறகும் அந்த விதியையே நாம் விரும்பிக் கடைப்பிடிக்க வேண்டுமா?

தங்கள் நாளிதழின் வண்ணப் பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தித்தாள் அச்சில் மைப்புள்ளி தாளில் ஊறிப் பருக்கும் என்பதையும், தாளே வெண்மையாக இல்லாமல் சாம்பல் கலந்திருக்கும் என்பதையும் நான் அறிவேன். இதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12647-3, நடு அளவில் 26 விழுக்காட்டுப் பருமனை எதிர்பார்க்கிறது. அதாவது தாளில் 50 விழுக்காட்டை மூடும்படி அனுப்பிய புள்ளிகள், அச்சில் 76 விழுக்காட்டை மூடியது போலத் தெரியும். நம் முகங்கள் விழும் நடுப்பகுதி இதனால்தான் அதிகம் கறுக்கிறது. ஆனால் செய்தித்தாளுக்கான புரொஃபைலை (அந்தத் தாளிலும் மையிலும் நிறம் எப்படி வரும் என்ற விவரக் கோப்பை) பயன்படுத்திப் படத்தை மாற்றும்போதே மென்பொருள் இந்தப் பருமனைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிடும். அதற்கு மேலும் யாரோ ஒருவர் பாதுகாப்புக்காக முகங்களை வெளுத்து அனுப்புகிறார் என்றே தங்கள் மாவட்டப் பக்கங்களைப் பார்க்கையில் தோன்றுகிறது. வயலில் நாற்று நடும் பெண்களின் படத்தில் சேறு சேற்றின் நிறத்திலும், நாற்று நாற்றின் நிறத்திலும் இருக்க, முகங்கள் மட்டும் அந்த வெயிலுக்குச் சம்பந்தமில்லாமல் வெளிறியிருப்பதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

செய்திப் படத்தில் ஒளி அளவை மாற்றுவது சிறிய விஷயம் அன்று. 1994 ஜூன் 27 தேதியிட்ட அமெரிக்க டைம் இதழ், கொலைக் குற்றச்சாட்டில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் என்னும் மற்றோர் இதழ் அப்படி இருட்டாக்காமல் அதே வாரம் அட்டையில் போட்டிருந்ததால், கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கி, எவ்வளவு மாற்றப்பட்டிருக்கிறது என்பதை எல்லோரும் கண்டார்கள். ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டுவதற்காகக் கறுப்பாக்கினார்கள் என்ற கண்டனம் எழுந்தது. கறுப்பாக்குவது தவறு என்றால், அழகாகக் காட்டுவதாக எண்ணி வெளுக்க வைப்பதும் தவறுதான். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. படம் எடுத்த கணத்தில் கண் கண்டதை அச்சுத்தாளில் திரும்பக் கொண்டுவருவதற்காக வளைகோட்டைத் தொடலாம். அதைத் தாண்டிய இடத்தில் செய்திப் படத்துக்கு அனுமதி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கர்வ்ஸுக்கும் வரம்புகள் உண்டு. மூன்று சானல்களையும் சேர்த்து அழுத்தமாக நிமிர்த்தினால், முகத்தின் மிக வெளிச்சமான இடங்களில் சிவப்பு உச்சியில் முட்டி நிற்க, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போய் மஞ்சள் தட்டும். அப்போது லேயர் கீழுள்ள படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் முறையை, ஒளி அளவை மட்டும் மாற்றும் லூமினாசிட்டிக்கு மாற்றினால் நிறம் நகராது. ஜேபெக் படத்தில் வானத்தை அதிகம் நிமிர்த்தினால் பட்டை பட்டையாகப் பிரியும் என்பதால், கேமரா சுருக்காமல் தரும் ரா கோப்பிலிருந்து, ஒளிப் படிகள் பல மடங்கு கூடுதலாக உள்ள 16 பிட்டில் வேலை செய்வதே நல்லது. நெல்வயல் போன்ற, ஒரே பச்சையின் பல சாயல்கள் கொண்ட காட்சிக்கு ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கும் எல்.ஏ.பி. முறையில், நிறத்துக்கு உரிய ஏ, பி கோடுகளை நடுப்புள்ளி நகராமல் நிமிர்த்துவது அருமையான பலன் தரும். இளம்பயிரும் கதிர் முற்றிய பயிரும் தனித்தனியே பிரிந்து நிற்கும். எல்லாச் சாயலையும் நீக்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. கார்த்திகை விளக்கின் ஒளியில் சிரிக்கும் குழந்தையின் முகத்தில் அந்த மஞ்சள் இருந்தே ஆக வேண்டும். அங்கே எண்களைச் சமமாக்க முனைகிறவர் கார்த்திகையையே படத்திலிருந்து எடுத்துவிடுகிறார்.

இவ்வளவும் தொழில்முறையாளருக்குத்தானே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் கர்வ்ஸ் உண்டு; 2018இல் வந்த அதன் 2.10 பதிப்பு முதல் 16 பிட்டிலும் வேலை செய்யலாம். கைபேசியில் ஸ்னாப்சீடிலும் கர்வ்ஸ் உண்டு, சானல்களைத் தனித்தனியே பிரித்தும் திருத்தலாம். பள்ளியில் வரைபடத்தாளில் கோடு போட்ட எந்த மாணவருக்கும் இது ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிடும். கருவி கையிலேயே இருக்கும்போது, இது உங்களுக்கானது இல்லை என்று ஒரு நாளிதழ் தன் வாசகர்களிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, படப்பிரிவில் உள்ளவர்கள் முகங்களைப் பொதுவாக வெளுக்க வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு படத்திலும் முகம் விழும் ஒளிப்பகுதியை அளந்து அங்கே மட்டும் கோட்டை நிமிர்த்தும் முறைக்கு மாற வேண்டும். இரண்டாவது, இணைப்பிதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, மாநிறமான ஒருவரின் ஒரே படத்தைச் சாச்சுரேஷன் கூட்டி ஒருமுறையும், வளைகோட்டைத் திருத்தி ஒருமுறையும், இரண்டின் வளைகோடுகளையும் பக்கத்தில் காட்டி வெளியிட வேண்டும். கணினித் திரையில் பார்ப்பதைவிட, தாங்கள் அன்றாடம் அச்சிடும் அதே தாளில் அருகருகே பார்க்கும்போது வாசகர்கள் எது சரி என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். அதற்குப் பொருத்தமான படம் தேவைப்பட்டால், உரியவர்களின் ஒப்புதல் பெற்று, திருத்தப்படாத மூலக் கோப்போடு அனுப்பித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வண்ணத் திருத்தக் கலைஞர் ஒருவர்,
மதுரை.